கை தட்டியவனுக்கு ஓலை இல்லை

விவாக ஓலையை வாசிக்க மறுப்பதற்கு எங்கள் சபைச் சட்டம் நான்கு காரணங்களை மட்டுமே ஒப்புக்கொள்கிறது. இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருப்பது, இருவரும் விலக்கப்பட்ட உறவுமுறையில் இருப்பது, வயது நிரம்பாதது, யாராவது ஒருவருக்கு மனச்சம்மதம் இல்லாதது. ஐந்தாவது கிடையாது. கை தட்டியது அந்த நான்கில் இல்லை. டோலக்குச் சத்தத்துக்கு உடம்பை அசைத்ததும் இல்லை. அன்றைக்கே தேடிப் பார்த்தேன். அந்தப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருப்பதால், இதை எழுத உட்காருமுன் இன்னொரு தடவையும் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஓலை என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் குருவானவர் உரக்க வாசிப்பார். இவர்கள் சேருவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்பார். பெண் சேர்ந்த கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை சேர்ந்த கோயிலிலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் சான்று கொடுப்பார்கள். எழுதியிருப்பது காகிதத்தில்தான், பெயர் மட்டும் ஓலை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் கல்யாணம் கிடையாது. அது தொடங்கும் சாம்பல் புதனுக்குள் முடிக்காவிட்டால் ஈஸ்டர் கழிய வேண்டும்.

பம்பாயில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு இந்தச் சான்று உயிர். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு: அங்கே ஒருத்தியை வைத்திருப்பானோ என்று. அது வீண் பயம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வைத்திருந்த இரண்டு பேரை எனக்கே தெரியும். பம்பாய்க் கோயிலில் மூன்று ஞாயிறு பெயரை வாசித்து ஒருவரும் எழுந்து நிற்கவில்லை என்றால் அந்தப் பயம் தெளியும். எனக்கு நிச்சயித்திருந்த பெண் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. அறுபத்தேழாம் வருஷம், சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பம்பாயிலிருந்து ஓலைச் சான்று வராவிட்டால் கல்யாணம் இல்லை என்று பெண்ணின் தகப்பனார் வெற்றிலை மாற்றும்போதே சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சொன்னதை மாற்றும் பழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

அந்தச் சான்றைத்தான் எனக்குத் தர மாட்டோம் என்றார்கள்.

எங்கள் ஊர்க் கணக்கில் பம்பாய் வெளிநாடு. கொழும்புக்குப் போனவனையும் பம்பாய்க்கு வந்தவனையும் ஒரே மூச்சில் சேர்த்து, தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைகள் என்று கோயிலில் ஜெபிப்பார்கள். நான் பி.ஏ. முடித்துவிட்டு அப்படித் தூரதேசம் போனவன். டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆண்டாப் ஹில்லில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை. வந்த முதல் வாரமே, ஊர்க் குருவானவர் கொடுத்தனுப்பிய சபை மாற்றுச் சீட்டை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். அங்கே ஒரு கல் கோயில். காலையில் இங்கிலீஷ் ஆராதனை. மத்தியானம் நாலு மணிக்கு அதே பெஞ்சுகளில் நாங்கள், தமிழ்ச் சபை. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். மாட்டுங்கா கடைத்தெருவில் நின்று ஐயர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருவரும் எங்கள் ஆள் இல்லை.

எங்கள் ஐயர் கல்யாணையும் புனாவையும் சேர்த்துப் பார்த்ததால் மாதத்தில் பாதி நாள் வரமாட்டார். அவர் வராத ஞாயிறுகளில் சபைச் செயலாளர்தான் ஜெபங்களை வாசிப்பார். அவர் ஓர் அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டெண்டு. ஊர் சாத்தான்குளம் பக்கம், குடியிருப்பு செம்பூர், உச்சரிப்பு இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது. ஒழுங்கு அவருக்கு ரத்தத்தில் ஓடியது. பாமாலை பாடும்போது கடைசிச் சீரை யாராவது இழுத்தால் புத்தகத்துக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்ப்பார். இழுத்தவர் அடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார். என் சீட்டை வாங்கி, வருஷாந்தரக் கூட்டத்தில் வைத்துப் பெயர் ஏற்றுவோம் என்றார். சந்தா மட்டும் அந்த மாதமே வாங்கிக்கொண்டார்.

காலை ஆராதனை இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை காலைகள் எனக்குச் சும்மா கிடந்தன. வார நாட்களில் கம்பெனி காண்டீன். ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு வழி இல்லை. அறையில் இருந்த ஒருவர் தாராவியில் ஓர் அக்கா மெஸ் நடத்துவதாகவும், நம் ஊர் மீன்குழம்பு கிடைக்கும் என்றும் சொன்னார். தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்தது அது. உப்புப் போட்ட தோலின் வாடை முதலில் வரும். அதைத் தாண்டி நடந்தால் குழம்பு வாடை வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்ளிருந்து டோலக்குச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மெஸ் கதவு சாத்தியிருந்தது.

கொட்டகை வாசலில் நின்ற அம்மாளிடம் மெஸ் எப்போது திறக்கும் என்று கேட்டேன். அவர்தான் மெஸ் அக்கா. கழுத்தில் ஜால்ராக் கயிறு, முகத்தில் அடுப்புக்கும் பாட்டுக்கும் சேர்த்த வேர்வை.

"சோறு ஆராதனைக்கு அப்புறந்தான் தம்பி. வெளிய நின்னா வெயிலு. உள்ள வந்தா பாட்டு. எது வசதின்னு நீயே பாத்துக்க."

பசிதான் என்னை உள்ளே அனுப்பியது. இதை ஆவிக்குரிய அழைப்பு என்று திருத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உள்ளே பெஞ்சு இல்லை. கோணிச் சாக்கை விரித்துப் போட்டு ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், நின்றவர்களில் ஒருவரும் சும்மா நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த கீர்த்தனைதான் பாடினார்கள். ஆனால் எங்கள் கோயிலில் அதைப் பாடினால் ஊர்வலத்தில் பிணம் முன்னே போவதுபோல் இருக்கும். இங்கே அதே பாட்டு மாடிப்படியில் இறங்கி ஓடுகிற பிள்ளை மாதிரி இருந்தது. டோலக்கை ஒரு தோல் ஷாப்புத் தொழிலாளி வாசித்தார். மராத்திக்காரர்களின் பஜனைக் கோஷ்டி ஒன்று கலைந்தபோது வாங்கியதாம். அதன் பக்கத்தில் இன்னும் அவர்கள் சாமியின் பெயர் எழுதியிருந்தது. அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தகரக் கூரையும் அதனுடன் சேர்ந்து அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மராத்திப் பெண்கள் இருவர் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்தபடி தலையாட்டினார்கள்.

பிறகு சாட்சி. ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் தேவன் தனக்கு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். நான் பெரிய அற்புதங்களை எதிர்பார்த்தேன். முதலில் எழுந்த பெண், சனிக்கிழமை குழாயில் ஒன்பது மணி வரை தண்ணீர் வந்தது என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அது கேலியில்லை. அந்தக் குழாயை அறிந்தவர்களின் கைத்தட்டு. இன்னொருவர், சூப்பர்வைசர் தன்னைத் திட்ட வாயெடுத்தபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது என்றார். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். சுற்றிக்கொண்டு என் முறை வந்தது. எனக்கு எட்டேகால் வண்டி கிடைத்ததைத் தவிர அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொன்னேன். அதற்கும் தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக முதலில் கை தட்டியவர்கள் அவர்கள். பி.ஏ. பட்டம் வாங்கியபோதுகூட யாரும் தட்டவில்லை.

அடுத்த பாட்டில் நானும் தட்டினேன். ஆரம்பத்தில் மடியில் வைத்து, விரல் நுனியால். மூன்றாவது ஞாயிறுக்குள் கைகள் மார்புக்கு வந்துவிட்டன. டோலக்குக்காரருக்கு எங்கள் ஊரிலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு ஊர். அவர் தெரு போன்ற தெரு எங்கள் ஊரிலும் உண்டு. அந்தத் தெருவும் எங்கள் தெருவும் ஒரே கோயிலுக்குப் போகும், வேறு வேறு பக்கம் உட்காரும். இங்கே கோணிச் சாக்குக்கு இரண்டு பக்கம் கிடையாது. அவர் என் கைத்தாளத்தைச் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது சொன்னார்: "சார், பாட்டு ஒரு ஊருக்குப் போவுது, உங்க கை வேற ஊருக்குப் போவுது." சார் என்பதை நிறுத்தச் சொன்னேன். கையை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இப்படி இரண்டு வருஷம். காலையில் தகரக் கொட்டகை, பிறகு மீன்குழம்பு, நாலு மணிக்கு மாட்டுங்காவில் கல் கோயில். இரண்டு ஆராதனைக்குப் போகக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஒன்றுக்குமே போகாதவர்கள் கமிட்டியில் இருந்தார்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொட்டகைக்காரர்கள் சாயங்காலம் பாடிக்கொண்டு தெருவில் போவார்கள். அறுபத்தாறில் மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் போவோம் என்று அக்கா முடிவு செய்தாள். முன்னால் டோலக்கு, அதன் பின்னால் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் நான், கை தட்டிக்கொண்டு. ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக் கடையில் செயலாளர் குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். கையில் கத்தரிக்காய்ப் பை. நான் தலையசைத்து வணக்கம் சொன்னேன். கை வேலையாக இருந்தது. அவர் கத்தரிக்காயை எடைபோட்டவனிடம் திரும்பிக்கொண்டார்.

ஓலை விண்ணப்பத்தை நான் அதற்கு முந்தின வாரமே கொடுத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் என்னைக் கோயிலின் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். கமிட்டியில் ஐந்து பேர். ஐயர் அந்த வாரம் புனாவில். செயலாளரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். ஆபீஸ் நாட்களில் சார் என்பதை விரும்புவார், ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியைப் பொறுத்துக்கொள்வார்.

அவர் கோபப்படவில்லை. நாம் இந்த ஊரில் ஒண்டிக்கொண்டு இருக்கிறோம், இங்கிலீஷ்காரர்கள் மனமிரங்கி மத்தியானம் இடம் கொடுத்திருக்கிறார்கள், நம் ஆள் ஒருவர் தெருவில் டோலக்குக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வருத்தமாகக் கேட்டார். இங்கிலீஷ்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போய் இருபது வருஷம் ஆகிறது, மீதிப் பேருக்கு நம்மில் யார் யார் என்றே தெரியாது என்றேன். இன்னொருவர், படித்த பையன் இப்படிச் செய்யலாமா என்றார். படிப்புக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன்.

அப்போதுதான் அண்ணாச்சி கேட்டார்.

"அங்க யாரெல்லாம் வர்றாங்கன்னு தம்பிக்குத் தெரியும்ல?"

அறையில் எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். அதுதான் விஷயம். டோலக்கு இல்லை, தெரு இல்லை, இங்கிலீஷ்காரர்கள் இல்லை. யாரோடு ஒரே சாக்கில் உட்கார்ந்தேன், யாருடைய கைப்பட்ட சோற்றைத் தின்றேன் என்பதுதான்.

"தெரியும் அண்ணாச்சி. உங்களுக்கும் தெரியும். இந்தக் கேள்வியை மினிட்ஸில எழுதுங்க."

"எதை?"

"இப்பக் கேட்டதை. கேட்டவர் பேரோட. என் பதிலையும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

மினிட்ஸ் எழுதுகிறவர் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஆபீஸ்களில் இருந்திருக்கிறேன். எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதச் சொன்னால் மறைந்துவிடுகிற கேள்விகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒழுங்கற்ற ஆராதனையில் பங்குபெற்றதற்காக மனம் வருந்துகிறேன், இனி பங்குபெற மாட்டேன் என்று இரண்டு வரி. கீழே என் கையெழுத்துக்கு இடம். போட்டால் அடுத்த ஞாயிறே ஓலை வாசிப்பு தொடங்கும் என்றார். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பிரிவு தேடிக்கொண்டிருக்க முடியாது என்றார். ஓலையை மறுப்பதற்குத் தேடித்தான் ஆகவேண்டும், நாலு காரணம் இருக்கிறது, அதில் எது நான் என்றேன்.

அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "சட்டம் பேசுறீங்களே தம்பி, பார்க்கப்போனா உங்க பேரே இன்னும் நம்ம பதிவேட்டில ஏறல. ரெண்டு வருஷமா வருஷாந்தரக் கூட்டத்துக்குக் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரல. உங்களுக்கு ஓலை வாசிக்கிறதே நாங்க பாத்துச் செய்யிற தயவு."

அதை அவர் அடியாகத்தான் கொடுத்தார். நானும் அன்றைக்கு அடியாகத்தான் வாங்கினேன். தாளை மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று சபையின் மேலிடத்துக்கு, ரிஜிஸ்தர் தபாலில்: நான்கு காரணங்களுக்கு அப்பாற்பட்டு ஓர் ஓலையை மறுக்க உள்ளூர்க் கமிட்டிக்கு அதிகாரம் உண்டா என்ற ஒரே கேள்வி. பெற்றுக்கொண்டதற்கான அட்டை சீக்கிரமே வந்தது, அழகான முத்திரையோடு. மற்றது பெண்ணின் தகப்பனாருக்கு. நடந்ததை நடந்தபடி, யார் யாரோடு உட்கார்ந்தேன் என்பதையும் விடாமல் எழுதினேன். பிறகு வேறு யாராவது போய்ச் சொல்லி அவர் கேட்பதைவிட நானே சொல்வது மேல். இந்தச் சம்பந்தம் இத்தோடு முறியலாம் என்பது எழுதும்போதே தெரியும்.

அந்த ஞாயிறு கொட்டகையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டு முடித்தாள். "இதுக்கா காலிபீலியா, சும்மாவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஓலைதான வாசிக்கணும்? நான் வாசிக்கேன்."

அவள் வாசிக்கிற ஓலை செல்லாது என்று விளக்கினேன். யாரிடம் செல்லாது என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு சாட்சி முடிந்ததும் எழுந்து நின்று, என் பெயரையும் பெண்ணின் பெயரையும் ஊர்களோடு சொன்னாள். படித்துப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ரெண்டு பேருக்கும் கல்யாணம். யாருக்காச்சும் ஆச்சேபணை இருந்தா எந்திரிச்சுச் சொல்லிரணும். பொறவு மனசுல வச்சுக்கிட்டு அலையப்பிடாது."

டோலக்குக்காரர் எழுந்தார். டோலக்கைச் சாக்கில் வைத்தார். 

"எனக்கு இருக்கு. மாப்பிள்ளைக்குத் தாளம் நிக்காது. இப்படி ஒரு ஆளுக்கு எப்படிப் பொண்ணு குடுக்காவன்னு அவங்க வீட்டுல கேட்டுச் சொல்லணும்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆட்சேபணை குறித்துக்கொள்ளப்பட்டது, அக்காவின் மனத்தில். அடுத்த இரண்டு ஞாயிறும் இதே போல் வாசித்தாள். இரண்டு தடவையும் அவர் எழுந்தார். மூன்றாவது தடவை மராத்திப் பெண்களில் ஒருத்தியும் வாசலிலிருந்து ஏதோ ஆட்சேபித்தாள். என் பெயரைச் சட்டப்படி வாசிக்க வேண்டிய கூரைக்குக் கீழே யாரும் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையில்லாத கூரைக்குக் கீழே மூன்று தடவை வாசித்தார்கள்.

முதல் வாசிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெண்ணின் தகப்பனாரிடமிருந்து பதில் வந்தது. ஆசிரியர் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. யாரோடு உட்கார்ந்தேன் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு பற்றியும் இல்லை. பம்பாய்ச் சபை ஓலை வாசிக்க மறுத்துவிட்டது என்று இங்கே தெரிந்தால் காரணம் கை தட்டியது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள், அங்கே குடும்பம் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள், ஆகவே சான்று அவசியம், கையெழுத்துப் போடுவதைப் பற்றி நீரே யோசித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே வேறொரு கையால், பச்சை மையில், ஒரு வரி. தாளைத் திருத்துகிற ஆசிரியை என்பதால் பச்சை மையா, அவசரத்தில் கிடைத்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"கையெழுத்துப் போட வேண்டாம்."

அவ்வளவுதான். நிச்சயமான பெண் மாப்பிள்ளைக்கு எழுதக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தகப்பனார் பார்க்காமல் எழுதினாளா, பார்க்க எழுதினாளா என்பதும் எனக்கு அன்று தெரியாது. அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. அடி என்று நினைத்த வாக்கியம் ஞாபகம் வந்தது: உங்கள் பெயரே இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை.

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மாற்றுச் சீட்டு புதுச் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பதிவாகும் வரை ஒருவர் பழைய சபையின் அங்கத்தினராகவே இருக்கிறார். அப்படியானால் என் ஓலை ஊர்க் கோயிலில் வாசிக்க வேண்டியது. மாட்டுங்காக் கமிட்டி மறுத்தது அவர்கள் கையிலேயே இல்லாத ஒன்றை.

அண்ணாச்சிக்கு மரியாதையாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஓலை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் தங்கள் சபை அங்கத்தினனா என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன் என்று மட்டும். மேலிடத்துக்கும் அண்ணாச்சிக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் மேஜையில் கிடந்தால் தூக்கம் வராது. மூன்றாம் நாள் பதில் வந்தது. அங்கத்தினன் அல்ல, ஒருபோதும் இருந்ததில்லை, என் சீட்டு எந்தக் கூட்டத்திலும் ஏற்கப்படவில்லை என்று திருத்தமாக எழுதி, ஒருபோதும் என்பதற்குக் கீழே கோடும் போட்டிருந்தார். என்னைத் தள்ளிவிடுகிற ஆவலில் அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான்: தள்ளிவிட்டவனைத் தடுக்க முடியாது.

அந்தக் கடிதத்தை அப்படியே ஊர் ஐயருக்கு அனுப்பினேன். அவர் வயதானவர், அதிகம் பேசாதவர். உம்முடைய பெயர் இங்கேதான் இருக்கிறது, வரும் ஞாயிறு தொடங்குகிறேன் என்று ஒரு கார்டு போட்டார். மூன்றாவது வாசிப்பு, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. ஒரு ஞாயிறு தவறியிருந்தால் லெந்து.

சட்டம் முடிந்தது, பயம் முடியவில்லை. பம்பாயில் குடும்பம் இல்லை என்பதற்கு ஊர் ஓலை என்ன சாட்சி சொல்லும்? ஊரில் எனக்கு மனைவி இல்லை என்பது ஊருக்கே தெரியும். நான் கிளம்பிய அன்று அக்கா மெஸ்ஸைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, தன் ஊரையும் பார்த்து வருகிறேன் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றாள். மூன்றாம் வகுப்பில் மதராஸ் வரைக்கும், பிறகு திருநெல்வேலி வரைக்கும் பாடிக்கொண்டே வந்தாள். குண்டக்கல் வருவதற்குள் ரயில் பெட்டி முழுதும் அவளுக்குச் சொந்தக்காரர்கள்.

சனிக்கிழமை நானும் அக்காவும் பெண் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் நாற்காலி போட்டார். அக்கா தரையில் உட்காரப் போனாள். அவர் நாற்காலியைக் காட்டி, இதில் இருங்கள் என்றார். இருந்தாள். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார், இவருக்கு அங்கே வேறு தொடர்பு ஏதும் உண்டா என்று. அக்காவும் சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமைன்னா எங்கிட்டதான் சாப்பிடுதாரு ஐயா. வீட்டுல பொம்பள இருந்தா, என் சோத்தத் திங்க ஆண்டாப் ஹில்லுலருந்து ஏன் நடந்து வாராரு?"

தகப்பனார் கணக்கு வாத்தியாரும்கூட. விடை சரியாக வந்திருக்க வேண்டும். காப்பி கொண்டுவரச் சொன்னார். அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான் வந்தது. கொண்டுவந்தவள் கல்யாணப் பெண். டம்ளரை நீட்டும்போது குனிந்துகொண்டே, "தாளம் நிக்காதாமே" என்றாள். அதற்குள் அக்கா அடுப்படி வரைக்கும் போய் வந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்தினார். ஒருவரும் எழவில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், டோலக்குக்காரர் இருக்கிறாரா என்று. அவர் தாராவியில் இருந்தார். திங்கட்கிழமை கல்யாணம். முறைப்படி நடந்தது, ஒரு எழுத்துப் பிசகவில்லை. கோயிலை விட்டு வெளியே வந்ததும் அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். எங்கள் தெருவே பார்க்கத் தட்டத் தொடங்கினாள். முதலில் சேர்ந்து தட்டியது என் மனைவி, பட்டுப் புடவையும் பூச்செண்டுமாக, செண்டைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு. அவளுக்குத் தாளம் நின்றது. ஐயர் கோபுரத்தில் மணி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பாய் திரும்பியதும் காலையில் கொட்டகைக்குப் போனோம். நாலு மணிக்குக் கல் கோயிலுக்கும் போனோம். கல் கோயிலை விட்டுவிடலாமே என்று பழைய அறைக்காரர்கள் சொன்னார்கள். ஏன் விடவேண்டும்? அங்கத்தினன் அல்லாதவன் ஆராதனைக்கு வரக்கூடாது என்று சட்டம் இல்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களை வரவேற்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்புகளுக்குப் பின் அண்ணாச்சி, நம் மத்தியில் விருந்தினர் யாராவது இருந்தால் எழுந்து நிற்கலாம் என்று வாசித்தாக வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் நானும் என் மனைவியும் முதல் பெஞ்சில் எழுந்து நின்றோம். சபையின் சார்பில் உங்களை வரவேற்கிறோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர் எங்களிடம் சொன்னார். மழைக்காலத்திலும் தவறவில்லை. ஒரு வருஷம் கழிந்து கூட்டத்துக்குக் கோரம் சேர்ந்தது. பெயரை ஏற்றிவிடலாமா என்று கேட்டனுப்பினார். அந்தக் கேள்வி மினிட்ஸில் எழுதப்பட்டதும் என் சீட்டை மறுபடி தருகிறேன் என்று பதில் போட்டேன். எந்தக் கேள்வி என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் விருந்தினராகவே நின்றோம். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேராக நின்றோம்.

மகள் நடை பழகிய நாட்களில், கொட்டகையில் டோலக்குக்காரர் மடியில் உட்கார்ந்து அவள் தட்டிக்கொண்டிருந்த ஒரு பருவம். தாளம் தாயிடமிருந்து வந்திருக்கிறது என்று அவர் சாட்சியில் சொல்லி, அதற்குக் கைத்தட்டும் வாங்கினார். அந்தப் பருவத்தில், முதல் மழை பிடித்த வாரத்தில், ஒரு நீளமான உறை நனைந்து வந்தது. மேலிடத்து முத்திரை. மனுதாரரின் விவாக ஓலையை வாசிப்பதற்குத் தடையேதும் காணப்படவில்லை, மேற்கொண்டு உள்ளூர்க் கமிட்டியை அணுகவும் என்று இரண்டு வரி. என் மனைவி அதை வாங்கிப் படித்து, இனிமேல் கல்யாணம் செய்துகொள்ளலாமாம் என்றாள். உறையின் மூலையில், என் வழக்கப்படி, பெற்ற தேதியைக் குறித்து வைத்தேன்: 12 ஜூன் 1969.